தீபாவளி விற்பனையும் சஷ்டி விரதமும்: சுகர் உள்ள ஒரு ஜவுளிக் கடை ஊழியரின் நான்கு மாதங்கள்

தென்மாவட்ட நகரம் ஒன்றில் உள்ள சிறிய நீரிழிவு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். 2024 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை நாங்கள் பின்தொடர்ந்த ஒருவரைப் பற்றிய பதிவு இது. அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தரும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து தொடர்பான முடிவுகள் எல்லாம் எங்கள் மருத்துவர் இவருக்கென்று எடுத்தவை. இதைப் பார்த்து வேறு யாரும் தங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பின்னணி

வயது 51. பெரிய ஜவுளிக் கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் மூத்த விற்பனையாளர். இருபது வருடத்துக்கும் மேலாக அதே கடை. ஆறு வருடமாக இரண்டாம் வகை நீரிழிவு. கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. உயரம் 167 செ.மீ., எடை 78 கிலோ. புகை, மது இல்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தது.

2024 ஜூலையில் அவருடைய மூன்று மாத சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 7.8 சதவீதம். மோசம் என்று சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. கோப்பைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் ஏழரையை ஒட்டி நிற்கும் எண், ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்பதை ஒட்டி ஏறியிருந்தது. 2023 ஜூலையில் 7.7, 2024 ஜனவரியில் 9.0. எடையும் அப்படித்தான். பண்டிகைப் பருவத்தில் இரண்டரை கிலோ ஏறும், கோடையில் ஒன்றரை இறங்கும். மிச்ச ஒரு கிலோ உடம்பிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் 195 பேரை எடை பார்த்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. பண்டிகைக் காலத்தில் ஏறியது சராசரியாக அரை கிலோவுக்கும் குறைவுதான், ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் அது இறங்கவில்லை.

முந்தைய ஆண்டு நடந்தது

2023 கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள் மாலை, கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். பக்கத்து மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. பகல் முழுக்கத் தண்ணீர், இரவில் ஒரு டம்ளர் பால் என்று நான்கு நாள் இருந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடவில்லை. ‘விரதம்னா சாப்பாட்டுக்குத்தான, மருந்துக்கு என்ன?’ என்பது அவர் கணக்கு.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு மாத்திரையின் வேகம் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கூட்டு மாத்திரையில் இரண்டும் ஒட்டியே இருப்பதால், தான் விழுங்குவது இரண்டு மருந்து என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இவருக்கும் தெரியவில்லை.

புரட்டாசியில் பார்த்தது

2024 செப்டம்பர் கடைசியில் மனைவிதான் அழைத்து வந்தார். “அவுக நான் சொன்னா கேக்க மாட்டாக, நீங்க சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். சொல்வதற்கு முன் ஒரு வாரம் எழுதிக் கொண்டு வரச் சொன்னோம். என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் போதாது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொடுத்தது என்பதும் வேண்டும். கடையில் சின்னத் துண்டுச்சீட்டுகளில் கிறுக்கி, வீட்டில் மகள் நோட்டில் ஏற்றியிருந்தார். அந்த நோட்டு எங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் புரட்டிப் போட்டது.

பலகாரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். நோட்டில் பெரிதாக நின்றது டீ. காலை பதினொன்றுக்கு ஒன்று, மதியச் சாப்பாடு தள்ளிப் போவதால் ஒன்றரைக்கு ஒன்று, நாலரை, ஆறரை, எட்டு, கடை அடைக்கும்போது இன்னொன்று. தூக்குவாளியில் கலந்தே வரும் டீ என்பதால் சீனி எவ்வளவு என்பது கடைக்காரர் கையில். கிளாஸுக்கு இரண்டு கரண்டி, அதாவது எட்டு முதல் பத்து கிராம் என்று வைத்தால், ஆறு கிளாஸில் ஐம்பது கிராமைத் தொடும். 2024-இல் வந்த தேசிய உணவூட்டக் கழகத்தின் வழிகாட்டி, நல்ல உடல்நிலை உள்ளவருக்கே சேர்க்கும் சீனி நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பண்டிகை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் இவர் இரண்டு மடங்கில் நிற்கிறார்.

அடுத்தது நேரம். காலை ஏழரைக்கு மாத்திரை, எட்டரைக்கு இரண்டு இட்லி. மதியச் சாப்பாடு மூன்றரை, சில நாள் நாலு. இடையில் கை நடுங்கும், அதற்கும் டீதான் மருந்து. இரவு கடை அடைத்ததும் பதினொன்றரைக்கு, கடைப் பையன்களோடு சேர்ந்து பரோட்டாவும் சால்னாவும். வீட்டில் மூடி வைத்த சாப்பாட்டை மனைவி காலையில் எடுத்துக் கொட்டுவார். தூக்கம் ஐந்து மணி நேரம்.

நடைப்பயிற்சி பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். “நாள் பூரா நின்னுக்கிட்டேதான இருக்கேன், இதுக்கு மேல என்னத்த நடக்க?” நியாயமான கேள்விதான். ஆனால் நிற்பது நடப்பதாகாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. அம்லோடிபினும் கால் வீக்கம் தரக்கூடியது என்பதால் மருத்துவர் அதையும் குறித்து வைத்தார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அவர் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அதன் மேல் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் ஒரு பட்டியல் எழுதினோம். பிறகு அதில் பாதியை அடித்தோம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஜவுளிக் கடைக்காரரிடம் போய் ‘தினமும் 45 நிமிடம் நடங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள்’ என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். அதனால் இந்த நான்கு மாதத்துக்கு இலக்கைக் கீழே வைத்தோம். எடை குறைய வேண்டாம், ஏறாமல் இருந்தால் போதும். ஹெச்பிஏ1சி எட்டரையைத் தாண்டக் கூடாது. மயக்கம் வரவே கூடாது. மூன்றாவதுதான் முதன்மை.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. கடையில் டீ என்பது ஓய்வுக்கு இன்னொரு பெயர், அதைப் பிடுங்கினால் மற்ற எதையும் கேட்க மாட்டார். நாலரை மணி டீயை மட்டும் வழக்கப்படி வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சீனி போடாமல் தனியாக வாங்கச் சொன்னோம். தூக்குவாளிக்குப் பதில் ஒரு கிளாஸ் தனியாக வர வேண்டும், அவ்வளவுதான். இதற்கு டீக்கடைப் பையனிடம் பேசியது அவர் மகள்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குக் கடையிலேயே. காலையில் கொண்டு போகும் அடுக்குத் தூக்கில் ஒரு தட்டு கூடும். சப்பாத்தியும் பயறுக் கூட்டும், அல்லது இட்லியும் சட்னியும். கெட்டுப் போகாததாக இருக்க வேண்டும் என்பதால் தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெங்காயச் சட்னி. இருபது நிமிடம் ஒதுக்கித் தர முதலாளியிடம் அவரே கேட்டார். கிடைத்தது. போன வருடம் மயங்கி விழுந்தது கடைக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாத்திரையைக் கடிகாரத்திலிருந்து கழற்றித் தட்டோடு கட்டினோம். தட்டு முன்னால் வந்த பிறகே மாத்திரை. சாப்பாடு தள்ளினால் அதுவும் தள்ளும்.

நடைக்கு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்து நிமிடம். கடைக்குப் பின்னால் உள்ள குடோன் வழியில் போய் வரலாம். சாப்பிட்ட பின் உடனே நடக்கும் சிறு நடை, ஏறி வரும் சர்க்கரையைத் தட்டி இறக்கும். தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

வீட்டுப் பலகாரத்தில் மனைவியோடுதான் பேச்சுவார்த்தை. முந்திரிக்கொத்து, சுசியம், அதிரசம், முறுக்கு என்று நான்கும் செய்வது அந்த வீட்டு வழக்கம். இரண்டு போதும் என்றேன். ‘சம்பந்தி வீட்டுக்கு என்னத்தக் குடுக்க?’ என்று கேட்டார். சரி, நான்கும் இருக்கட்டும், அளவைப் பாதியாக்குவோம், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் டின் காலியாகி இருக்க வேண்டும் என்று முடிவானது. எங்கள் அனுபவத்தில் தீபாவளியன்று சாப்பிடுவது பெரிய சேதம் இல்லை. பதினைந்து நாள் டின் மூடியைத் திறந்து திறந்து மூடுவதுதான் சேதம். தீபாவளி லேகியம் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் சுக்கும் திப்பிலியும் மட்டும் இல்லை, வெல்லமும் நெய்யும்தான் பெரும்பங்கு. நெல்லிக்காய் அளவு ஒரு முறை போதும்.

விரதம் பற்றிய பேச்சு

இதுதான் நீண்ட பேச்சு. விரதமே வேண்டாம் என்பது மருத்துவரின் முதல் ஆலோசனை. முந்தைய ஆண்டு 48-க்கு இறங்கியவருக்கு அதைத்தான் சொல்ல முடியும். அவர் மறுத்துப் பேசவில்லை, “பார்க்கலாம் டாக்டர்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மகள் பிறந்த வருடத்திலிருந்து விடாமல் இருக்கும் விரதம். தடுத்தால் எங்களுக்குத் தெரியாமல் இருப்பார், மாத்திரையையும் போன வருடம் போலவே போடுவார். தெரிந்து இருக்கும் விரதம் தெரியாமல் இருக்கும் விரதத்தை விடப் பாதுகாப்பானது என்று முடிவு செய்தோம்.

கைகொடுத்தது ரம்ஜான் நோன்புக்கென வகுக்கப்பட்ட மருத்துவ வழிகாட்டிகள். நீரிழிவு உள்ளவர்கள் நோன்பு இருப்பது பற்றி அவற்றில் தெளிவான விதிகள் உண்டு. சஷ்டிக்கு அப்படி ஒன்று எங்கள் கையில் இல்லாததால் அவற்றையே தழுவிக்கொண்டோம்.

முடிவு இது. தண்ணீர் மட்டும் குடித்து இருப்பது இல்லை. ஒருவேளை உணவு, ஒருவேளை பால் பழம் என்று இருப்பதும் வழக்கத்தில் உள்ள முறைதான் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார். ஆறு நாளும் கூட்டு மாத்திரை நிறுத்தம். மெட்ஃபார்மின் மட்டும், இரவு உணவோடு. இதற்குத் தனிச் சீட்டு, தனி அட்டை; பழைய அட்டை ஆறு நாளும் மகளிடம் இருக்கும். அழுத்த மாத்திரை வழக்கம் போல. காலை, நண்பகல், மாலை நாலரை, இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்று நான்கு முறை குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிடமே விரதம் முடிகிறது. சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி. இறங்கினால் 15 கிராம், அதாவது மூன்று சிறு கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். விரலைக் குத்திப் பார்த்தால் விரதம் முறியுமா என்று கேட்டார். கோயிலில் தனக்குத் தெரிந்த பெரியவரிடம் அவரே கேட்டு வந்து, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதாம்’ என்று சொன்னார்.

தீபாவளி வரை

டீ மாற்றம் எதிர்பார்த்ததை விட எளிதாக நடந்தது. முதல் வாரம் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டது. எட்டு மணிச் சாப்பாடு அக்டோபர் 20 வரை ஒழுங்காக நடந்தது. கடைசிப் பத்து நாள் கூட்டத்தில் அது உடைந்தது, பரோட்டா திரும்பி வந்தது. தூக்கில் போன சப்பாத்தி அப்படியே வீடு திரும்பியதை மனைவி எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். மாத்திரையைத் தட்டோடு கட்டியது மட்டும் அந்த நாட்களிலும் பிடித்து நின்றது. கை நடுக்கம் வரவில்லை.

அக்டோபர் 30 இரவு கடை அடைக்க மணி மூன்று. 31-ஆம் தேதி எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு முந்திரிக்கொத்து, ஒரு சுசியம். பகலெல்லாம் தூங்கினார். புரட்டாசி முழுக்கக் கறி சாப்பிடாதவர் என்பதால் அன்று இரண்டு தட்டு அதிகமாகவே போயிருக்கிறது. நவம்பர் 1 காலை வெறும் வயிற்றில் 186. கடையில் போனஸோடு தந்த ஒரு கிலோ இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமலேயே சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விரத நாட்கள்

நவம்பர் 2 சனிக்கிழமை விரதம் தொடங்கியது. முதல் நாள் காலை 171, இரவு 198. இரண்டாம் நாள் மாலை மகள் பதறிக்கொண்டு அழைத்தார். அப்பாவுக்கு நடுங்குகிறது, வியர்க்கிறது. மீட்டரில் 104.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 104 குறைவு இல்லை. ஆனால் வாரக்கணக்கில் இருநூறை ஒட்டியே பழகிய உடம்பு, நூறுக்கு இறங்கும்போது அபாயம் என்று நினைத்து அதே மணியை அடிக்கும். மீட்டர் இல்லையென்றால் அவர் சர்க்கரைத் தண்ணீர் குடித்திருப்பார், விரதமும் போயிருக்கும், சர்க்கரையும் ஏறியிருக்கும். உட்கார வைத்து, உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னோம். கால் மணி நேரத்தில் 109. நடுக்கம் நின்றது. அடுத்த நாளிலிருந்து அந்த உணர்வு குறைந்தது.

நான்காம் நாள் நண்பகலுக்குப் பிறகு 241. காரணம் பழம். ‘பழம்தானே’ என்று நான்கு வாழைப்பழமும், நாட்டுச் சர்க்கரை போட்ட பாலும் எடுத்திருந்தார். ஒரு சின்ன வாழைப்பழம், ஒரு கொய்யா, இனிக்காத பால் என்று மாற்றினோம். 160-க்குள் வந்தது. நாட்டுச் சர்க்கரை சீனி இல்லை என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் பலமானது. உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான்.

நவம்பர் 7 சூரசம்ஹாரம். திருச்செந்தூர் கடற்கரைக் கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்றோம், போனார். மகனோடு, பையில் மீட்டரும் குளுக்கோஸும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மாலை நாலரைக்கு 97. மறுநாள் காலை முழுச் சாப்பாட்டோடு கூட்டு மாத்திரை திரும்பத் தொடங்கியது. ஆறு நாளில் மிகக் குறைந்த எண் 91.

கார்த்திகை, மார்கழி

விரதம் நல்லபடியாக முடிந்ததும் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். மீட்டர் அலமாரிக்குள் போனது. டிசம்பர் முதல் வாரம் வரச் சொல்லியிருந்தோம், வரவில்லை. கார்த்திகையில் மூன்று கல்யாண விருந்து. டிசம்பர் 13 திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டையும் பொரியுருண்டையும், மார்கழியில் தினமும் காலையில் கோயில் பொங்கல், அப்புறம் கடையில் புத்தாண்டு கேக். எதுவும் தனியாகப் பெரிதில்லை. குடோன் நடை தீபாவளியோடு நின்றிருந்தது. நோட்டில் நவம்பர் 10-க்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

ஜனவரிப் பரிசோதனை

பொங்கல் முடிந்து வந்தார். ஹெச்பிஏ1சி 8.2. எடை 78.8. கால் வீக்கம் குறைந்திருந்தது. மயக்கம் இல்லை. ஜூலையின் 7.8-லிருந்து ஏறியதுதான், ஆனால் முந்தைய ஜனவரியில் 9.0. ஹெச்பிஏ1சி அளப்பது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை. அவற்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் இந்த எண் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரைத்தான் காட்டுகிறது. எனவே தீபாவளியை அல்ல, அதற்குப் பிந்தைய கவனக் குறைவையே இது அளந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அன்று கூட வந்த மனைவிக்கும் சும்மா ஒரு பரிசோதனை செய்தோம். வெறும் வயிற்றில் 114. நூறைத் தாண்டி 126-ஐத் தொடாத இந்த இடைவெளி நீரிழிவுக்கு முந்தைய நிலை. அவருக்கு இது செய்தி. மூன்றாம் நாள் டின்னைக் காலி செய்தது எப்படி என்று கேட்டபோது, பாதியை அக்கம்பக்கம் கொடுத்ததாகவும் மீதியை ‘வீணாப் போகுதேன்னு’ தானே சாப்பிட்டதாகவும் சொன்னார்.

அடுத்த பருவத்துக்கு மாற்றுவது

ஆடி மாதமே ஒவ்வொரு நோயாளியிடமும், வருகிற மாதங்களில் என்னென்ன விரதம், எந்த முறையில் என்று கேட்டு முதல் பக்கத்தில் எழுதுகிறோம். கூட்டு மாத்திரை எடுப்பவர்களின் கோப்பில் சிவப்புக் குறி. விரத நாளுக்கான தனி மருந்துச் சீட்டைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே தந்துவிடுவது. தொடர் சந்திப்பை டிசம்பரில் வைக்காமல் விரதம் முடிந்த பத்தாம் நாளே, கையில் மீட்டர் இருக்கும்போதே வைப்பது. கடைசிப் பத்து நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுத் தூக்கை நம்பாமல், பரோட்டாக் கடையிலேயே என்ன வாங்கலாம் என்று சொல்லித் தருவது. இரண்டு முட்டை ஆம்லெட்டும் ஒரே ஒரு பரோட்டாவும் என்றால் நடந்திருக்கும். அப்புறம், பலகாரம் பற்றிய பேச்சில் மனைவியைச் சமையல்காரராக மட்டும் பார்க்காமல் அவருக்கும் ஒரு கோப்பு திறப்பது. அது திறந்தாகிவிட்டது.

பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை போக வேண்டும் என்று அவர் அன்றே கேட்டார். பாத உணர்வுச் சோதனையில் இடது கால் பெருவிரலில் உணர்வு மங்கியிருந்ததால், வெறுங்காலோடு போக மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. காலணி போட்டு, கடைசி சில கிலோமீட்டர் மட்டும், வெயில் ஏறுவதற்கு முன் என்று பேசி முடித்தார்கள். காலணி அளவெடுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.